தயிர் தண்ணி விடவும் கூடாது, நூல் விடவும் கூடாது: எந்தச் சூடு, எந்தக் கல்ச்சர்?

ஓசூர் பக்கம் சின்னதாகத் தயிர் யூனிட் நடத்தும் தம்பி ஒருவர், போன மார்கழியில் இரண்டு கப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நாளைக்கு 300 லிட்டர் பால். பெரும்பாலும் பசும்பால்தான், 3 சதவீதக் கொழுப்பு. முதல் கப்பின் மூடியைப் பிரித்தால் மேலே அரை விரற்கடைக்கு மஞ்சளாகத் தண்ணீர் தேங்கி நின்றது.

"அக்கா, வண்டியில ஏத்தி கடையில இறக்குறதுக்குள்ள தண்ணி விட்டுக்குது. மாவு போடுன்னு ஒருத்தர் சொல்றார், ஜெலட்டின் போடுன்னு இன்னொருத்தர். ரெண்டும் எனக்கு வேண்டாம். ஜெலட்டின் போட்டா பச்சைப் புள்ளியே போயிடும்."

இரண்டாவது கப், வீட்டு உறைமோர் ஊற்றி, குளிர்ந்த ராத்திரியில் அறையிலேயே விட்டு உறைய வைத்தது. ஸ்பூனை விட்டுத் தூக்கினால், வெண்டைக்காய் நறுக்கிய கத்தியில் வருவதுபோலச் சாண் நீளத்துக்கு நூல் இழுத்தது. ஆனால் தண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லை. "இது தண்ணி விடல. ஆனா இதை யாருக்கா காசு குடுத்து வாங்குவாங்க?"

நூல் வந்ததற்கும் தண்ணீர் பிரியாததற்கும் காரணம் ஒன்றே. தயிரை உறைய வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களில் சில, தம் செல்லுக்கு வெளியே நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை, அதாவது பாலிசாக்கரைடுகளை விடுகின்றன. துறையில் இதை இ.பி.எஸ். என்போம். தமிழ்நாட்டில் அந்த மூன்றெழுத்துக்கு வேறு அர்த்தம் இருப்பதால், மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது முதல் ஐந்து நிமிடம் சிரிப்பிலேயே போய்விடும். இந்தக் கட்டுரையில் 'பசை' என்றே எழுதுகிறேன்.

தம்பிக்கு வேண்டியது பசை தரும் நன்மை, நூல் இல்லாமல். அதற்கு அவர் முன்னால் இருந்த வழிகளைத்தான் ஒவ்வொன்றாக எடைபோட்டோம்.

அதற்கு முன், பாக்டீரியாவுக்கு வேலை வைக்காத ஒரு வழி இருக்கிறது. பாலை 90 டிகிரியில் 5 நிமிடம் நிறுத்தினால் மோர்ப்புரதம் அவிழ்ந்து, பாலின் முக்கியப் புரதமான கேசீனோடு ஒட்டிக்கொள்ளும். தயிரின் வலை நெருக்கமாகும், தண்ணீர் பிரிவது குறையும். தம்பி 75 டிகிரி தொட்டதும் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார். கிருமி சாவதற்கு அது போதும், கெட்டித்தயிருக்குப் போதாது. இதைச் சரிசெய்யாமல் கல்ச்சரை, அதாவது உறைக்கு ஊற்றும் பாக்டீரியாக் கலவையை, மாற்றிப் பயனில்லை என்று சொன்னேன். சரிசெய்தார். தண்ணீர் பாதியாகக் குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. மீதிப் பாதிக்குத்தான் பசை.

பசை எவ்வளவு வரும்

இங்கே ஓர் அடிப்படை விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பாக்டீரியா பசை செய்ய இரண்டு முற்றிலும் வேறான வழிகள் இருக்கின்றன.

முதல் வழியில் எல்லாம் செல்லுக்குள் நடக்கும். குளுக்கோஸ், காலக்டோஸ், ரேம்னோஸ் போன்றவற்றை நியூக்ளியோடைடோடு கட்டி, ஒரு கொழுப்புச் சுமைதாங்கியின் மேல் வரிசையாகக் கோத்து, சவ்வைத் தாண்டி வெளியே தள்ள வேண்டும். ஒவ்வொரு சர்க்கரைக்கும் ஆற்றல் செலவு. லாக்டிக் அமில பாக்டீரியாவோ பரம ஏழை. ஒரு குளுக்கோஸைப் புளிக்க வைத்தால் இரண்டு ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் நாணயம்) கிடைக்கும், அவ்வளவுதான். அதனால் பசையும் கொஞ்சமாகத்தான் வரும். தயிரில் வளரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் லிட்டருக்கு 50 முதல் 350 மில்லிகிராம் வரை தரும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அந்தக் கால் கிராம், புரத வலையின் ஓட்டைகளுக்குள் உட்கார்ந்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது வழிக்கு அந்தச் செலவு கிடையாது. லூக்கோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் ஒரு நொதியை வெளியே விடுகின்றன. அது சாதாரண வெள்ளைச் சர்க்கரையை உடைத்து, குளுக்கோஸை ஒன்றோடொன்று கோத்து டெக்ஸ்ட்ரான் ஆக்கும். ஃப்ரக்டோஸைக் கழித்து விட்டுவிடும். உடைக்கும்போது வரும் ஆற்றலே கோக்கவும் போதும். கணக்குப் போட்டால் 100 கிராம் சர்க்கரையிலிருந்து அதிகபட்சம் 47 கிராம் டெக்ஸ்ட்ரான். லிட்டருக்கு மில்லிகிராம் என்ற பேச்சு இங்கே கிராம் கணக்குக்குத் தாவிவிடும்.

இரண்டாவதைக் கேட்டதும் தம்பியின் முகம் மலர்ந்தது. "அப்ப சர்க்கரை போட்டா முடிஞ்சுது!" முடியவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

குளிரில் மெதுவாகவா, சூட்டில் வேகமாகவா

மார்கழி ராத்திரியில் நூல் வந்தது ஏன் என்ற கேள்வியில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. வீட்டு உறைமோரில் பலவகை பாக்டீரியா கலந்திருக்கும். வெயில் காலத்தில் சூட்டை விரும்புபவை முந்திக்கொண்டு, சில மணி நேரத்தில் உறைய வைத்துவிடும். 20 டிகிரியை ஒட்டிய குளிரில் அவை தூங்க, லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் மாதிரி மிதச்சூட்டுக்காரர்கள் கையில் வேலை போய்விடும். இவற்றில் பசை விடும் ரகங்களுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. நன்றாக வளரும் 30 டிகிரியைவிட, தடுமாறி வளரும் 18, 20 டிகிரியில்தான் அதிகம் பசை விடும்.

காரணமாகச் சொல்லப்படுவது அந்தக் கொழுப்புச் சுமைதாங்கி. செல்லின் சுவரைக் கட்டச் செங்கல் சுமப்பதும் அதுதான், பசைக்குச் சர்க்கரை சுமப்பதும் அதுதான். கட்டட வேலையில் ஒரே தள்ளுவண்டியை வைத்துக்கொண்டு செங்கல்லும் மணலும் ஏற்றுவது மாதிரி. வளர்ச்சி வேகமாக இருக்கும்போது வண்டி முழுக்கச் செங்கல். குளிரில் சுவர் வேலை மந்தமாகி வண்டி சும்மா நின்றால், மணல் ஏறும்.

பின்லாந்தில் 'வீலி' என்று ஒரு தயிர் இருக்கிறது. இந்த வகைக் கல்ச்சரை 20 டிகிரியை ஒட்டி ஒரு நாள் கிட்டத்தட்ட வைத்து உறைய வைப்பார்கள். ஸ்பூனில் இழுத்தால் நூல் வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் அது வீலியே அல்ல. ஸ்வீடனின் 'லோங்ஃபில்' என்பதும் இதே கூட்டம். அங்கே விரும்பி வாங்கும் குணம், இங்கே தயிரைத் திருப்பிக் கொடுக்க வைக்கும் குறை.

தம்பிக்கு இது ஒத்துவராததற்கு ருசி மட்டும் காரணமல்ல. 20 டிகிரியில் 18, 20 மணி நேரம் வைக்கக் குளிர்பதன அறை வேண்டும். 5 மணி நேரத்தில் காலியாகும் அலமாரி நாள் முழுக்க அடைபட்டுக் கிடக்கும். சித்திரையில் அறை ஒரு பத்து டிகிரி ஏறிவிட்டால், அதே கல்ச்சர் அதே பாலில் வேறு தயிரைத் தரும். இன்னொன்று, லாக்டோகாக்கஸில் இந்தப் பசை ஜீன்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் உதிரி டி.என்.ஏ. வளையத்தில் இருக்கின்றன. நேற்றுத் தயிரை இன்றைக்கு உறையாக ஊற்றி, அதுவும் கொஞ்சம் அதிகச் சூட்டில் ஊற்றிக்கொண்டே போனால், வளையத்தைத் தொலைத்த செல்கள் பெருகிவிடும். ஒரு நாள் காலையில் பார்த்தால் பசையே இருக்காது. "போன மாசம் நல்லா இருந்துச்சே" என்று தலையைச் சொறிய வேண்டியதுதான்.

சூட்டை விரும்பும் ஜோடி, அதாவது தெர்மோஃபிலசும் பல்காரிக்கசும், இதற்கு நேர்மாறு. இவற்றில் பசை வளர்ச்சியோடு சேர்ந்தே வரும். நன்றாக வளர விட்டால் நன்றாகப் பசை விடும். 40, 42 டிகிரியில் நாலிலிருந்து ஆறு மணி நேரத்தில் வேலை முடியும். பசை ஜீன்கள் பொதுவாகக் குரோமோசோமிலேயே இருப்பதால் அவ்வளவு சுலபமாகத் தொலைவதில்லை. 42-ஐவிட 38-ல் மெதுவாக உறைய வைத்தால் தயிர் இன்னும் இழுவையாக வரும் ரகங்கள் உண்டு. எல்லா ரகத்துக்கும் பொருந்தும் விதி அல்ல, ஆகவே வாங்கின கல்ச்சரை வைத்தே பார்க்க வேண்டும் என்றேன்.

பார்த்தோம். ஒரே பால், ஒரே உறை, மூன்று தூக்குவாளி. 38, 40, 43 டிகிரி தண்ணீர்த் தொட்டிகளில் இறக்கி, பி.எச். (புளிப்பு ஏற ஏற இறங்கும் அளவு) 4.6 வந்ததும் எடுத்து, ராத்திரி குளிர்பெட்டியில் வைத்தோம். மறுநாள் ஒரே அளவு தயிரை மெல்லிய துணி போட்ட வடிகட்டியில் ஊற்றி, கீழே சொட்டுவதை அளக்கும் சிலிண்டரில் பிடித்தோம். 43-ல் உறைந்தது சீக்கிரம் முடிந்தது, அதிகம் சொட்டியது. 38 குறைவாகச் சொட்டியது, லேசாக இழுத்தது, ஆனால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்டது. 40 இரண்டுக்கும் நடுவில் நின்றது. அந்த ஒரு கல்ச்சருக்கு மட்டும் பொருந்தும் விடை இது. சோதனையின் மொத்தச் செலவு 15 லிட்டர் பால்.

சர்க்கரை, சத்து, நேரம்

பாலில் சர்க்கரை போட்டால் பசை கூடும் என்ற எண்ணம் தம்பிக்கு மட்டுமல்ல, பல மாணவர்களுக்கும் உண்டு. பாலில் ஏற்கெனவே 4.5, 5 சதவீதம் லாக்டோஸ் இருக்கிறது. தயிர் உறைந்து முடிந்த பிறகும் அதில் பெரும்பகுதி மிச்சம் கிடக்கும். சோறு அண்டாவில் இருக்க, பசி காரணமாக வேலை நிற்பதில்லை. உண்மையில் தட்டுப்பாடு நைட்ரஜனுக்கு. பாலில் தனி அமினோ அமிலங்கள் சொற்பம். பல்காரிக்கஸ் கேசீனை வெட்டிப் பெப்டைடு என்னும் புரதத் துண்டுகளைத் தர, அதை வைத்துத் தெர்மோஃபிலஸ் வளரும். பதிலுக்கு இது ஃபார்மிக் அமிலமும் கார்பன் டை ஆக்சைடும் தந்து அதை வளர்க்கும். மோர்ப்புரதத்தை நொதியால் வெட்டிய பொடியைக் கொஞ்சம் சேர்த்தால் பல ரகங்களில் பசை கூடுவது இதனால்தான். விலை கட்டுப்படியானால் முயன்று பார்க்கலாம். தம்பிக்குக் கட்டுப்படியாகவில்லை.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இன்னொரு விஷயம் அடிக்கடி வரும்: பி.எச்.சை 6-ஐ ஒட்டி, காரம் சொட்டவிட்டு நிறுத்தி வைத்தால் பசை நன்றாகக் கூடுகிறது என்று. நிஜம்தான். ஆனால் தயிராக வேண்டுமென்றால் பி.எச். 4.6-க்கு இறங்கியே தீர வேண்டும். அதை 6-ல் பிடித்து நிறுத்தினால் கையில் இருப்பது உறையாத பால். அந்த வித்தை தொட்டிக்காரர்களுக்கு, அதாவது மோர்நீரில் பாக்டீரியாவை வளர்த்துப் பசையைத் தனியே பிரித்தெடுப்பவர்களுக்கு. அந்த வழியை நாங்கள் அதிக நேரம் பேசவில்லை. லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் மாதிரி நல்ல ரகமே, சத்தூட்டிய மோர்நீரில் லிட்டருக்கு 3 கிராமுக்குள்தான் தந்திருக்கிறது. ஐஸ்கிரீமிலும் சாஸிலும் போடும் சாந்தன் பசையைச் செய்யும் சாந்தோமோனாஸ், அதைப்போலப் பல மடங்கு தரும். விலையில் அதோடு போட்டி போட முடியாது.

தொட்டிக்காரர்கள் மறக்கக் கூடாத ஒன்று நேரம். வளர்ச்சி நின்ற பிறகும் சூட்டிலேயே விட்டால் பசை குறையத் தொடங்கும். சங்கிலியை அறுக்கும் நொதிகளும் அதே குழம்பில்தான் இருக்கின்றன. தயிரில் அதற்குமுன் வேறொன்று நடந்துவிடும். புளிப்பு ஏற ஏற வலை சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து தள்ளும். 4.6-ல் எடுக்கச் சொன்னது இதற்குத்தான்.

இந்த இடத்தில் ஒரு முணுமுணுப்பு. ஆய்வகத்தில் பசை அளக்க, புரதத்தை அமிலத்தால் ஒதுக்கி, குளிர்ந்த எத்தனாலில் ராத்திரி முழுக்க வீழ்த்தி, டயாலிசிஸ் செய்து (சிறு சர்க்கரைகளைச் சவ்வு வழியே வெளியேற்றி), பீனாலும் கந்தக அமிலமும் ஊற்றி, ஆரஞ்சு நிறத்தை 490 நானோமீட்டரில் படிப்போம். அந்த நிறம் எந்தச் சர்க்கரைக்கும் வரும். டயாலிசிஸ் அரைகுறையானால் மிச்ச லாக்டோஸும் பசையாகக் கணக்கில் ஏறிவிடும். இந்தப் பாக்டீரியாக்களை ஆய்வகத்தில் வளர்க்கும் எம்.ஆர்.எஸ். ஊடகத்தில் இருக்கும் ஈஸ்ட் சாற்றிலேயே மேனன் என்ற பாலிசாக்கரைடு உண்டு. அதையும் பாக்டீரியா செய்ததாக எழுதிவிடுபவர்கள் இருக்கிறார்கள். எந்தத் தாளிலாவது அசாத்திய எண்ணைப் பார்த்தால், பாக்டீரியா போடாத வெறும் ஊடகம் எவ்வளவு காட்டியது என்று முதலில் தேடுங்கள்.

சர்க்கரை வழி எங்கே பொருந்தும்

டெக்ஸ்ட்ரான் வழிக்கு வருகிறேன். இதன் கதை பழசு. ஐரோப்பியச் சர்க்கரை ஆலைகளில் சாறு கோழையாகிக் குழாயை அடைத்ததில்தான் இதை முதலில் கவனித்தார்கள். 1874-ல் ஷைப்லர் அதற்கு டெக்ஸ்ட்ரான் என்று பெயர் வைத்தார். 1878-ல் வான் டீகம் பாக்டீரியாவுக்கு லூக்கோநாஸ்டாக் என்று பெயர் வைத்தார். வெட்டிய கரும்பு நாள்கணக்கில் களத்தில் கிடந்தால் இன்றும் இதே தொல்லைதான். சாறு கொழகொழக்கும், வடிகட்டி அடைக்கும், சர்க்கரைப் படிகம் ஊசிபோல நீளும். 1940-களில் ஸ்வீடன்காரர்கள் அதே கோழையைச் சுத்தம் செய்து, ரத்தப் பிளாஸ்மாவுக்கு மாற்றாக நரம்பில் ஏற்றும் மருந்தாக்கினார்கள்.

இந்த நொதிக்கு 30 டிகிரி, பி.எச். 5-லிருந்து 5.5 வரை மிகவும் பிடித்த நிலை. சூடு ஏறினால் சங்கிலியில் கிளைகள் கூடும். சர்க்கரையை அளவுக்கு மீறிக் கொட்டினால் பசை அதே விகிதத்தில் கூடாது. சங்கிலி குட்டையாகும், குட்டைச் சங்கிலிக்குக் கெட்டிப்படுத்தும் சக்தி குறைவு.

தயிருக்கு இது ஏன் வேண்டாம்? சர்க்கரை போட்ட தயிரை வங்காளத்தில் 'மிஷ்டி தோய்' என்று கொண்டாடலாம், தயிர்சாதத்தில் ஊறுகாயோடு பிசைகிறவர் என்ன செய்வார்? டெக்ஸ்ட்ரான் போக மிஞ்சும் ஃப்ரக்டோஸ் இனிக்கும். அதைவிடப் பெரிய தலைவலி, லூக்கோநாஸ்டாக் கார்பன் டை ஆக்சைடும் விடும். மூடி உப்பிய தயிர் கப்பைக் கடைக்காரர் வாங்கவே மாட்டார்.

ரொட்டிக்கு இதே வழி அருமை. குளூட்டன் இல்லாத சோள மாவில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து வைசெல்லா கன்ஃப்யூசா என்ற லாக்டிக் அமில பாக்டீரியாவின் ரகங்களைப் புளிக்கவிட்டால், மாவிலேயே டெக்ஸ்ட்ரான் உருவாகி ரொட்டியை மெத்தென்று வைத்திருக்கும். சிறுதானிய ரொட்டி போடுகிறவர்கள் இதைத்தான் முதலில் முயல வேண்டும் என்பது என் எண்ணம். இட்லி மாவு கொழகொழப்பையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். அங்கே லூக்கோநாஸ்டாக் இருப்பது உண்மைதான், ஆனால் அந்தக் கொழகொழப்பின் பெரும்பங்கு உளுந்துக்கே சொந்தம். அதிலுள்ள அரபினோகாலக்டான் என்ற பாலிசாக்கரைடு, ஆட்டி முடித்த நிமிடத்திலேயே கையில் ஒட்டும்.

கடைசியில் எடுத்தது

தம்பியின் இரண்டாவது கப்பைப் பார்த்து நான் சொன்னது இதுதான்: சூடு, நேரம், சத்து இதெல்லாம் பசையின் அளவைக் கூட்டிக் குறைக்கும். பெரும்பாலும் அதன் குணத்தை மாற்றாது. நூல் விடுமா விடாதா என்பது ரகத்தோடு பிறந்தது. சில ரகங்கள் பசையைத் தயிர் முழுக்க அவிழ்த்துவிடும், அதுதான் நூல். சில, பசையைச் செல்லைச் சுற்றிப் போர்வைபோல வைத்துக்கொள்ளும். கேப்சூல் என்போம். அவையும் தண்ணீரைப் பிடிக்கும், ஸ்பூனில் இழுக்காது. ஆகவே நூல் விடும் கல்ச்சரை வாங்கி, சூட்டைத் திருகி நூலைக் குறைக்கப் பார்ப்பது வீண் வேலை. பசையும் சேர்ந்து குறைந்துவிடும்.

சப்ளையரிடம் "கெட்டியா வர்ற கல்ச்சர்" என்று கேட்டால் நூல் ரகத்தைத் தந்துவிடக்கூடும். "கப்புத் தயிருக்கு, நூல் இழுக்காத, தண்ணி பிடிக்கிற, உறைஞ்ச பிறகு புளிப்பு ஏறாத தெர்மோஃபிலிக் கல்ச்சர்" என்று கேட்கச் சொன்னேன். சாம்பிள் பாக்கெட்டுகள் வாங்கி, அதே தூக்குவாளிச் சோதனையில் வைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். 40 டிகிரி. 38 எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவருடைய அறை ராத்திரியில் இரண்டு டிகிரி இறங்குகிறது, 36-க்குப் போனால் விடிந்தும் உறையாது. காலிக் கப்புகளை முன்கூட்டியே அறைக்குள் வைத்துச் சூடேற்றுகிறார். உறைந்துகொண்டிருக்கும்போது தட்டுகளை நகர்த்துவதில்லை; பி.எச். 5.3-க்கும் 4.6-க்கும் நடுவே ஓர் ஆட்டம் ஆட்டினால் வலை கிழிந்து, பசை இருந்தாலும் தண்ணீர் பிரியும். வீட்டு உறைமோரை யூனிட்டுக்குள் கொண்டுவருவது நின்றது.

ஒரே ஒரு எச்சரிக்கை சொல்லி அனுப்பினேன். உறை ஊற்றாத பாலே, புளிப்பும் இல்லாமல், குளிர்பெட்டியில் நூல் விட்டால் அது வேறு கதை. அது பாத்திரத்திலோ தண்ணீரிலோ இருந்து ஏறிய ஆல்கலிஜீன்ஸ் அல்லது கோலிஃபார்ம் வகை வேலை. அதைக் கல்ச்சர் மாற்றிச் சரிசெய்ய முடியாது, பாலைக் கொட்டிவிட்டு கேனையும் குழாயையும் கழுவ வேண்டும்.

நூல் விட்ட அந்த மார்கழிக் கப்பைக் கொட்டவேண்டாம் என்றேன். உப்புப் போட்டு, இஞ்சி தட்டிப் போட்டு அவருடைய அம்மா மோராக அடித்துவிட்டாராம். மத்து நாலு சுற்றுச் சுற்றியதும் நூல் அறுந்துவிட்டது, மோர் வழக்கத்தைவிடக் கெட்டியாக நின்றது என்று போனில் சொன்னார்.